டிராகன் செத்த பிறகும் ஐந்து அத்தியாயம் இருக்கிறது: ‘தி ஹாபிட்’ நாவலை மறுபடி வாசிப்பது எப்படி

சின்ன வயதில் டோல்கின் எழுதிய ‘தி ஹாபிட்’ வாசித்தவர்களிடம் கதை எப்படி முடியும் என்று கேட்டுப் பாருங்கள். டிராகன் செத்துப்போகும், ஹாபிட் என்கிற குட்டை இனத்தைச் சேர்ந்த நாயகன் பில்போ புதையலோடு வீடு திரும்புவார் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் புத்தகத்தில் மொத்தம் 19 அத்தியாயங்கள், ஸ்மௌக் என்கிற அந்த டிராகன் சாவது 14-ஆவது அத்தியாயத்தில். அதற்கப்புறம் இன்னும் ஐந்து பாக்கி இருக்கின்றன. பிள்ளைகளாக இருந்தபோது நாம் அவசர அவசரமாகப் புரட்டித் தள்ளிய அந்த ஐந்துக்காகத்தான் வளர்ந்த பிறகு இந்த நாவலைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எப்படி எடுப்பது, எங்கே நிதானிப்பது, எதை ஒதுக்கி வைப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கதையை ஒளிக்காமல் பேசப்போகிறேன், அதனால் ஒரு தடவைகூட வாசிக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு நினைவிருக்கிற கதையை ஏழெட்டு வரியில் எழுதிவையுங்கள். யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம், வருவதை எழுதுங்கள். விடுகதைப் போட்டி, மோதிரம், சிலந்திகள், குள்ளர்களைப் பீப்பாய்க்குள் அடைத்து ஆற்றில் விடுவது, டிராகனோடு நடக்கும் பேச்சு, இதெல்லாம் எல்லோருக்கும் வந்துவிடும். டிராகனைக் கொன்றது யார் என்று எழுதும் இடத்தில் பலருக்குப் பேனா நிற்கும். பில்போ இல்லை, அவரோடு புதையலை மீட்கப் போன 13 குள்ளர்களில் ஒருவரும் இல்லை. ஏரி நகரத்து வில்லாளி பார்ட்தான் கொல்கிறார், அவர் கதைக்குள் நுழைவதே அந்த 14-ஆவது அத்தியாயத்தில்தான். பில்போ செய்ததெல்லாம் டிராகனின் இடது மார்பில் கவசம் இல்லாத ஒரு இடத்தைக் கவனித்தது, அதை அவர் குள்ளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு பறவை கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் பார்த்தால், பத்து வயதில் நீங்கள் எந்தப் பக்கங்களை உண்மையிலேயே வாசித்தீர்கள், எவற்றை வெறுமனே புரட்டினீர்கள் என்பது அப்படியே தெரியும்.

படங்களை இப்போதைக்குப் பார்க்காதீர்கள். 2012, 2013, 2014 என்று வரிசையாக வந்த மூன்று படங்களும் இந்த ஒரு சிறிய புத்தகத்திலிருந்து இழுத்து நீட்டியவை. டாரியல் என்ற பெண் பாத்திரம் நாவலில் கிடையாது, லெகோலஸ் கிடையாது. படம் முழுக்க துரத்திக்கொண்டு வருகிற அஸோக், நாவலில் குள்ளர்களின் தலைவர் தோரினுடைய தாத்தாவைக் கொன்றவன் என்று ஒரே வரியில் வந்துபோகும் வெறும் பெயர். படம் பிடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை, நடிப்பெல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் கண் முன்னால் அந்த முகங்கள் நின்றுவிட்டால் சின்ன வயதில் நீங்களாகக் கட்டிய மலையும் குகையும் போயே போய்விடும், அதைத்தானே திரும்பப் பார்க்கப் போகிறீர்கள். வாசித்து முடித்த பிறகு ஆற அமரப் பாருங்கள்.

சரி, எந்தப் பதிப்பு? பழைய பிரதி கையில் இருந்தால் அதுவே போதும், ஆனால் அது சுருக்கப்பட்டதா, காமிக்ஸ் வடிவமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படக்கூடியவை கடைசி அத்தியாயங்கள்தான். புதிதாக வாங்குவதாக இருந்தால் டோல்கின் தானே வரைந்த படங்களும் இரண்டு வரைபடங்களும் இருக்கிற அச்சுப் பதிப்பாக வாங்குங்கள். போன் திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது பெரும் தொந்தரவு. கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் டக்ளஸ் ஆண்டர்சன் குறிப்புகள் எழுதிய ‘அனொடேட்டட் ஹாபிட்’ பதிப்பு இருக்கிறது. முதல் வாசிப்புக்கு அது வேண்டாம், இரண்டாவது மூன்றாவது வாசிப்புக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. எங்கே எந்த வரி எப்போது மாறியது என்று ஓரத்திலேயே போட்டிருப்பார்.

ஆமாம், வரிகள் மாறியிருக்கின்றன. 1937 செப்டம்பர் 21 அன்று லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் வெளியிட்ட புத்தகமும் இன்று கடையில் கிடைப்பதும் ஒன்றில்லை. சின்ன மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் குள்ளர்கள் பில்போவின் சமையலறையைக் காலி செய்துகொண்டிருக்கும்போது மந்திரவாதி காண்டால்ஃப் ஆறின கோழியும் தக்காளியும் கொண்டுவரச் சொல்வார். 1966 திருத்தத்தில் தக்காளி போய் ஊறுகாய் வந்துவிட்டது. பெரிய மாற்றம் ஐந்தாவது அத்தியாயத்தில், விடுகதைப் போட்டியில். பழைய கதையில், மலைக்கடியில் இருட்டில் வாழும் கோல்லம் மோதிரத்தையே பந்தயப் பரிசாக வைக்கிறான், தோற்றதும் அதைக் கொடுக்கத் தேடுகிறான், கிடைக்காததால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பில்போவுக்கு வெளியே போகும் வழியைக் காட்டி நல்லபடியாக அனுப்பிவைக்கிறான். பின்னால் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுத ஆரம்பித்தபோது அந்த மோதிரம் யாரும் மனதாரக் கொடுத்துவிட முடியாத பொருளாகிவிட்டது, அதற்கேற்ப டோல்கின் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார், 1951 பதிப்பில் அது அச்சாகியது. நாம் எல்லோரும் வாசித்தது இந்தப் புதிய வடிவத்தைத்தான். இதைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயத்துக்குள் போனால், இருட்டில் கத்தியோடு நிற்கிற பில்போவுக்குக் கோல்லத்தின் மேல் திடீரென்று இரக்கம் வரும் அந்தப் பத்தி பின்னால் சேர்க்கப்பட்டது என்று புரியும்போது உடம்பு ஒருமுறை சிலிர்க்கும்.

வேகத்துக்கு வருவோம். ஒரு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம், அதுவும் வாய்விட்டு. பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டாலும் மெதுவான குரலில் உங்களுக்கு நீங்களே வாசியுங்கள். டோல்கின் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இது. கதைசொல்லி நடுநடுவே நின்று நம்மைப் பார்த்துப் பேசுவார், கிண்டல் செய்வார், அடுத்து வரப்போவதை முன்கூட்டியே போட்டுடைப்பார். கண்ணால் மட்டும் வாசித்தால் இது சிறுபிள்ளைத்தனமாகப் படும், குரலில் வாசித்தால் அதுவே உயிர். டோல்கினுக்கே பின்னாளில் இந்தத் தொனி பிடிக்காமல் போய், 1960-இல் முழுப் புத்தகத்தையும் கனமான நடையில் மாற்றி எழுத உட்கார்ந்து, ஆரம்ப அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். நல்லவேளை நிறுத்தினார் என்று இருக்கிறது எனக்கு. வாசிக்க நேரமில்லை என்றால் ஆண்டி செர்கிஸ் குரலில் வந்த ஒலிப்புத்தகத்தைக் கேளுங்கள், பத்துப் பதினொரு மணி நேரம் ஓடும். படத்தில் கோல்லமாக நடித்தவர் என்பதால் ஐந்தாவது அத்தியாயத்துக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

பாட்டுகளைத் தாண்டலாமா என்று கேட்பீர்கள். ரிவெண்டல் எல்ஃப்களின் பாட்டைத் தாண்டினால் பாவமில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தில் இருட்டில் உட்கார்ந்து குள்ளர்கள் பாடுகிற பாட்டைத் தாண்டவே கூடாது. அதுவரை விருந்தாளிகளை எப்படி வெளியேற்றுவது என்று தவித்துக்கொண்டிருந்த பில்போவுக்கு, மலைகளைப் பார்க்க வேண்டும், கைத்தடிக்குப் பதில் வாள் ஏந்த வேண்டும் என்ற ஆசை அந்தப் பாட்டில்தான் முளைக்கிறது. அடுத்த நொடியே தூரத்தில் யாரோ தீ மூட்டுவது தெரிகிறது, டிராகன் வந்து தன் ஊரை எரிப்பதாக நினைத்து நடுங்கிவிடுகிறார். ஆசையும் பயமும் ஒரே பத்தியில் வந்துவிடும்.

பில்போவின் வயதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், இது ரொம்ப முக்கியம். உருவத்தில் சின்னவர் என்பதால் நாம் அவரை நம் வயதுப் பையனாகவே எடுத்துக்கொண்டோம். கதை தொடங்கும்போது அவருக்குச் சுமார் 50 வயது. சொந்த வீடு, நிரம்பிய சரக்கறை, ஊரில் நல்ல பெயர், நேரத்துக்குச் சாப்பாடு. இத்தனையும் இருக்கிற ஒருவர் தொப்பி இல்லாமல், பணம் இல்லாமல், கைக்குட்டைகூட எடுக்காமல் ஒரு காலையில் வீட்டைவிட்டு ஓடுகிறார். பத்து வயதில் அது விளையாட்டு. வீட்டு வாடகையும் கடன் தவணையும் கட்டுகிற வயதில் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது நெஞ்சு வேறு மாதிரி அடிக்கும்.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது, கணப்புக்கு மேலே கடிகாரத்துக்கு அடியில் தோரின் வைத்துவிட்டுப் போன வேலை ஒப்பந்தம். லாபம் ஏதாவது கிடைத்தால் 14-இல் ஒரு பங்கு, பயணச்செலவு எப்படியும் உண்டு, தேவைப்பட்டால் இறுதிச் சடங்குச் செலவும் ஏற்கப்படும். இதைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் இந்தக் கடிதத்தைத் தொடர்ந்து போகலாம். 16-ஆவது அத்தியாயத்தில், எதிரிகள் முகாமில் உட்கார்ந்துகொண்டு பில்போ தன் பழைய கோட்டுப் பையிலிருந்து கசங்கி மடிந்துபோன அதே காகிதத்தை எடுத்துக் காட்டுவார். எல்லா ஆபத்தும் தாண்டி அது அவரோடேயே வந்திருக்கிறது. சின்ன வயதில் இதை யார் கவனித்தோம்?

வரைபடத்துக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். தோரினின் தாத்தா வரைந்த அந்த வரைபடத்தில் கிழக்கு மேலே இருக்கும், அதனால் முதலில் தலை சுற்றும். ஓரத்தில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் இரண்டு வாசகங்கள் இருக்கின்றன. அவை வெறும் அலங்காரம் இல்லை, எழுத்துக்கு எழுத்து ஆங்கிலம்தான். முதல் அத்தியாயத்தில் காண்டால்ஃப் ஒன்றை வாசித்துக் காட்டுவார், மூன்றாவது அத்தியாயத்தில் ரிவெண்டலின் தலைவர் எல்ராண்ட் நிலா வெளிச்சத்தில் மற்றொன்றைப் படிப்பார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்தினால் நீங்களே பெரும்பாலான எழுத்துகளுக்குப் பட்டியல் தயாரித்துவிடலாம். டோல்கின் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்றுக்கொடுத்த பேராசிரியர், அந்த எழுத்துகள் அவருடைய தொழிலிலிருந்து நேராக வந்தவை. குள்ளர்களின் பெயர்களையும் பழைய நார்ஸ் கவிதை ஒன்றிலிருந்துதான் எடுத்தார்.

விடுகதை அத்தியாயத்தை மட்டும் தனியாக வாசிக்காதீர்கள். யாராவது ஒருவரை உட்காரவைத்து, விடையை மறைத்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள். இந்த வகை விடுகதை நமக்குப் பழக்கம்தான், பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்த யாரும் காற்றையும் முட்டையையும் சுலபமாகப் பிடித்துவிடுவார்கள். ‘காலம்’ விடையாக வருகிற கடைசி விடுகதையில் பில்போ எப்படித் தப்பிக்கிறார் என்று பாருங்கள்: யோசிக்க இன்னும் நேரம் வேண்டும் என்று கத்த வாயெடுத்து, ‘நேரம்’ என்ற பாதி மட்டும் வெளியே வர, அதுவே விடையாகிவிடுகிறது.

அப்புறம் நடுவில் ட்ரோல்கள், பியோர்ன் வீடு, மிர்க்வுட் காடு, இவற்றை உங்கள் இஷ்டம்போல வேகமாக வாசியுங்கள், அவை இன்னும் அப்படியே சுவையாகத்தான் இருக்கின்றன. 12-ஆவது அத்தியாயத்தில் மட்டும் வண்டியை நிறுத்துங்கள். பில்போ தனியாகச் சுரங்கத்தில் இறங்குகிறார். தூரத்தில் சிவப்பாக வெளிச்சம், சூடு ஏறுகிறது, கொதிக்கும் பானை போல ஒரு சத்தம், கொஞ்சம் நெருங்கியதும் அது டிராகனின் குறட்டை என்று புரிகிறது. அந்த இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். மறுபடி காலை எடுத்து வைத்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே செய்த பெரிய வீரச்செயல் என்கிறார் கதைசொல்லி, அதற்குப் பிறகு நடந்த பெரிய விஷயங்கள் எதுவும் இதற்கு ஈடில்லையாம். உண்மையான சண்டை டிராகனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, யாரும் பார்க்காத இருட்டில் முடிந்துவிட்டது. எனக்கு மொத்தப் புத்தகத்திலும் பிடித்த பத்தி இது.

இப்போது டிராகன் செத்தாயிற்று. ஒருநாள் இடைவெளி விடுங்கள். பிறகு 15-லிருந்து மெதுவாகத் தொடங்குங்கள், ஒரு அத்தியாயத்தை இரண்டு ராத்திரியாகப் பிரித்தாலும் பரவாயில்லை.

இங்கிருந்து கதையில் அரக்கன் கிடையாது, சொத்து மட்டும்தான் இருக்கிறது. ஏரி நகரம் எரிந்து சாம்பல், மக்கள் குளிரில் கிடக்கிறார்கள், டிராகனைக் கொன்ற பார்ட் நிவாரணம் கேட்டு வருகிறார், நியாயமான கேட்புதான். மலைக்குள் மலைபோலத் தங்கம். தோரின் ஒரு காசு தர மாட்டேன் என்கிறார், ஆயுதத்தோடு வாசலில் வந்து நிற்பவர்களோடு பேச மாட்டேன் என்பது அவர் வாதம், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கூடிவருவது போர். பாகப்பிரிவினையைப் பக்கத்திலிருந்து பார்த்த யாருக்கும் இந்தப் பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு வரியும் பழக்கமானதாகவே இருக்கும்.

பில்போ என்ன செய்கிறார்? தோரின் உயிராக மதிக்கிற ஆர்க்கன்ஸ்டோன் என்ற மணி அவரிடம் ரகசியமாக இருக்கிறது. ராத்திரி பாம்பூர் என்ற குள்ளரின் காவல் முறையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரைத் தூங்க அனுப்பிவிட்டு, கயிறு கட்டி மதிலிலிருந்து இறங்கி, எதிர் முகாமுக்குப் போய் அந்த மணியைப் பார்டின் கையில் கொடுக்கிறார், பேரம் பேச உதவும் என்று. அந்த 14-இல் ஒரு பங்கு இதுதான் என்று கணக்கும் சொல்கிறார். பார்டோடு வந்திருக்கும் எல்ஃப் ராஜா, நீ இங்கேயே இருந்துவிடு, உனக்கு மரியாதையும் பாதுகாப்பும் உண்டு என்கிறார். பில்போ மறுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். நண்பர்களை விட்டுவிட்டு வர முடியாது, நடுராத்திரியில் பாம்பூரை எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன் என்கிறார். போய் எழுப்பவும் செய்கிறார். மறுநாள் உண்மை தெரிந்து தோரின் அவரைத் தூக்கி மதிலிலிருந்து எறியப் போகும் வரை, என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் அங்கே நிற்கிறார். சின்ன வயதில் எனக்கு இது கதையை இழுக்கும் பகுதி. இப்போது, துரோகம் போலத் தெரிகிற ஒன்றைச் செய்துவிட்டு அதன் விளைவை வாங்கிக்கொள்ளத் திரும்பி நடக்கிறாரே, அதைத் தாண்டி எனக்குப் பக்கம் நகர்வதில்லை.

போரில் பில்போவுக்கு எந்த வீரமும் இல்லை, தலையில் ஒரு கல் விழுந்து மயங்கிவிடுகிறார், முக்கால்வாசிப் போரை நாம் அவரோடு சேர்ந்து தவறவிடுகிறோம். கண் விழித்தால் வெற்றி கிடைத்திருக்கிறது, ஆனால் மனம் கனத்துக் கிடக்கிறது. ஃபீலியும் கீலியும், குள்ளர்களிலேயே இளையவர்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தவர்கள், தங்கள் தாய்மாமன் தோரினைத் தம் உடம்பால் மறைத்து நின்று செத்துப்போயிருக்கிறார்கள். அது ஒற்றை வாக்கியத்தில் வருகிறது, கண் அசந்தால் தப்பிவிடும், அதனால் 18-ஆவது அத்தியாயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். டோல்கின் 1916-இல் முதல் உலகப் போரின் சோம் போர்முனையில் இருந்தவர், அந்த வருடத்தில் நெருங்கிய நண்பர்கள் இருவரை இழந்தவர். தன் கதைகளை உண்மைச் சம்பவங்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது, அதனால் அந்த வேலைக்குப் போக வேண்டாம். ஆனாலும் போரைக் கொண்டாடாமல் எழுதியிருப்பது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சாகும் தறுவாயில் தோரின் பில்போவிடம் மன்னிப்புக் கேட்டு, பதுக்கிய தங்கத்தைவிடச் சாப்பாட்டையும் சிரிப்பையும் பாட்டையும் பெரிதாக நினைப்பவர்கள் அதிகம் இருந்தால் உலகம் மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று சொல்கிற இடத்தை வாய்விட்டு வாசிக்க முயன்று பாருங்கள், குரல் ஒத்துழைக்காது.

வாசிக்கும்போது உறுத்துகிற விஷயமும் உண்டு, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. புத்தகம் முழுக்கப் பெயர் சொல்லப்படுகிற பெண் ஒரே ஒருவர், பில்போவின் அம்மா பெல்லடோனா டூக், அவரும் கதைக்கு முன்னாலேயே போய்விட்டவர். பெண் குழந்தைக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் சிலர் பில்போவையே பெண்ணாக மாற்றி வாசிக்கிறார்கள், கதை ஒரு இடத்தில்கூடத் தடுக்காது. எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. அதேபோல கடைசிப் போரில் எதிரிகளாக வரும் காப்ளின்கள் எல்லோருமே பிறவியிலேயே கெட்டவர்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிடுவதும் இப்போது இடிக்கிறது, கேட்கிற குழந்தை கேள்வி கேட்டால் நின்று பேசுங்கள்.

கடைசி அத்தியாயத்தில், ஊர் திரும்பும் பில்போவை ஜூன் 22 அன்று அவர் வீட்டு வாசலிலேயே ஒரு ஏலம் வரவேற்கிறது. செத்துவிட்டதாக முடிவுகட்டி அவருடைய சாமான்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள், உறவினர்கள் அவர் வீட்டுக்கு என்ன அளவில் மேசை நாற்காலி பொருந்தும் என்று அளந்துகொண்டிருக்கிறார்கள். சொந்த நாற்காலிகளையே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது, வெள்ளிக் கரண்டிகளில் பல கடைசிவரை திரும்பவேயில்லை. ஊரில் இருந்த நல்ல பெயரும் போய்விடுகிறது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

முடித்ததும் உடனே ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பக்கம் தாவாதீர்கள், அந்தப் பெரிய கதை இந்தச் சின்னக் கதையை விழுங்கிவிடும். ஒரு மாதமாவது போகட்டும். அதன் முன்னுரையை மட்டும் வேண்டுமானால் இப்போதே வாசிக்கலாம். நான் மேலே சொன்ன பழைய ஐந்தாவது அத்தியாயத்தை டோல்கின் தூக்கி எறியவில்லை, மோதிரம் தனக்குப் பரிசாகக் கிடைத்தது என்று பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் அது என்று அங்கே சேர்த்துவிட்டார், காண்டால்ஃபுக்கு முதல் சந்தேகம் அந்தப் பொய்யில்தான் வந்ததாம். அதை வாசித்துவிட்டு மறுபடி ஐந்தாவது அத்தியாயத்துக்குப் போய், பிறகு ஆறாவதில் பில்போ தப்பித்து வந்து மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தன் கதையைச் சொல்வதையும், காண்டால்ஃப் அவரைப் பார்க்கும் பார்வையையும் சேர்த்து வாசியுங்கள்.